எனக்கு எதிராகச் சத்தியம் செய்யப் போனேன்

என்னைப் பெற்ற நைனாவை நான்தான் கொன்றேன் என்று ஆறு மாதம் நம்பிக்கொண்டு இருந்தேன். அதிலிருந்து விநாயகர் என்னை எப்படி வெளியே கொண்டுவந்தார் என்று, அவரைக் கும்பிடுகிற உங்களுக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் அமுலு. ஆந்திர எல்லையில், நகரியில் இருக்கிறோம். வீட்டிலேயே இரண்டு விசைத்தறி ஓடுகிறது. அம்மா போன பிறகு நைனா எங்களோடுதான் இருந்தார். போன வருஷம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, "நெஞ்சு எரியுது அமுலு" என்றார். முந்தின நாள் மசால் வடை தின்றிருந்தார். "வாயுதான் நைனா, செத்த நேரம் படு" என்று ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் வேர்த்துக் கொட்டுகிறது. நானும் என் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றினோம். புத்தூர் தாண்டவில்லை, மடியிலேயே போய்விட்டார். மாரடைப்பு.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குப் போன பிறகுதான் ஆரம்பித்தது. தறிச் சத்தத்துக்கு நடுவிலும் என் மனசு என்னைத் திட்டும். 'நீயெல்லாம் ஒரு பொண்ணா? ஓமத்தண்ணி குடுத்து அனுப்பிட்டியே.' சோறு இறங்கவில்லை. தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போட விரல் வரவில்லை. தலை வாருவதுகூட எனக்கு அதிகம் என்று தோன்றும். இருந்து என்ன பயன் என்று நினைத்த நாளும் உண்டு. "விநாயகா, தண்டனை குடு, இல்லேன்னா இந்தத் திட்டை நிறுத்து." தினமும் இதுதான் என் வேண்டுதல்.

கார்த்திகையில் என் வீட்டுக்காரர் வெங்கடேசன் என்னைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் டிப்ரஷன் என்று சொல்லி மாத்திரை எழுதினார். வாரம் ஒரு தடவை மனநல ஆலோசகர் மேடத்திடம் பேசச் சொன்னார்.

மேடம் எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டார். "உங்க மனசு திட்றதை எல்லாம் அந்தக் காலி நாற்காலியில நீங்க இருக்கிற மாதிரி நெனச்சுத் திட்டுங்க" என்றார். நன்றாகத் திட்டினேன். பிறகு, "இப்போ அங்க போய் ஒக்காந்து பதில் சொல்லுங்க" என்றார். உட்கார்ந்தேன். பதில் வரவில்லை. "அவ சொல்றது சரிதான் மேடம்" என்றேன்.

"உங்க தங்கச்சிக்கு இப்படி நடந்திருந்தா இதே வார்த்தையை அவங்களைச் சொல்லுவீங்களா?"

"ஐயோ, சொல்ல மாட்டேன்."

"அப்போ உங்களை மட்டும்?"

"நான் வேற மேடம்."

வெளியே காத்திருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "காலி நாற்காலியத் திட்டவா பஸ் ஏறி வந்தோம்? வூட்ல நான் சும்மாதானே ஒக்காந்துகினு இருக்கேன், என்னைத் திட்டேன்மே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்து வாரம் போனது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. காணிப்பாக்கம் கோயில் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு விநாயகர் முன்னால் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். திருட்டு, பங்காளித் தகராறு எல்லாம் அங்கே தீரும். பொய்ச் சத்தியம் செய்தவரை அவர் விட மாட்டார். அங்கே போய், 'நான்தான் கொன்றேன்' என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு சத்தியம் செய்துவிட்டால் அவரே தண்டித்துவிடுவார், முடிந்தது என்று நினைத்தேன்.

மேடத்திடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "போங்கம்மா. ஆனா அங்க பொய் சொல்லக் கூடாதில்ல? ஒவ்வொரு வார்த்தையும் உண்மையான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். ஏதோ வேண்டுதல் என்றுதான் என் வீட்டுக்காரர் நினைத்தார். குளத்தில் முழுகிவிட்டுச் சன்னதியில் நின்றேன். பல் கிடுகிடுவென்று அடித்தது. "நிதானமா சொல்லும்மா, சாமி எதிர்ல நிக்கிற" என்றார் அர்ச்சகர்.

"எங்க நைனா நெஞ்சு எரியுதுன்னு சொன்னாரு. மாரடைப்புன்னு தெரிஞ்சும் நான்..."

அதற்கு மேல் வாய் வரவில்லை. தெரிந்தா செய்தேன்? சாமி முன்னால் எப்படிப் பொய் சொல்வேன்? "எனக்குத் தெரியாது சாமி! தெரிஞ்சிருந்தா அவரைத் தூக்கிக்கினு ஓடியிருப்பேன். வாயுன்னுதான் நெனச்சேன்" என்று கத்தி அழுதேன். நாற்காலியில் வராத பதில் அங்கே வந்தது.

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நானும் வாயுன்னுதான்மே நெனச்சேன். நான் அங்கதானே இருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" அவரும் அழுதார். ஆறு மாதமாக அதே பாரத்தை அவரும் தனியாகச் சுமந்திருக்கிறார். எனக்குத் தெரியவே இல்லை.

நான் தண்டனை கேட்டேன். விநாயகர் உண்மையைக் கொடுத்தார். அடுத்த வாரம் மேடத்திடம் போனேன், அந்த நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொன்னேன். தங்கையிடம் பேசுவதுபோல் என்னிடமே பேசப் பழகினேன். ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மாத்திரையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தார். இப்போதும் ஏதாவது தப்பு நடந்தால் அந்தத் திட்டு எட்டிப் பார்க்கும். ஆனால் சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது. விளக்கேற்றும்போது விநாயகர் முகத்தை நேராகப் பார்க்கிறேன். அதற்கு எத்தனை கோடி நன்றி சொன்னாலும் போதாது.

உங்களில் யாராவது உங்களையே திட்டிக்கொண்டு உள்ளுக்குள் கரைந்துகொண்டு இருந்தால், சாமி கோபமாக இருக்கிறார் என்று எண்ணாதீர்கள். அவரிடமும் போங்கள், டாக்டரிடமும் போங்கள். டாக்டரிடம் போகிற வழியையும் அவர்தான் காட்டுகிறார். அவர் முன்னால் நின்று அடுத்தவர்மேல் பொய்க் குற்றம் சொல்ல நாம் பயப்படுகிறோம் அல்லவா? உங்கள்மேல் சொல்லவும் அதே அளவு பயப்படுங்கள்.