பச்சைச் சாயத்துக்குக் கீழே

வெள்ளிக்கிழமை காலை கோட்டையூரிலிருந்து வந்தவர் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்: "சுப்பையாண்ணன் போயிட்டாக. விஷக்காய்ச்சல்." கையிலிருந்த திருப்புளியை எங்கே வைத்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

வீடுகளுக்கு மின்சாரக் கம்பி இழுக்கும் தொழிலில் நாங்கள் கூட்டாளிகள். அவர் பெரிய சந்தேகப் பிராணி. இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களில் அவரிடம் திட்டு வாங்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

காரைக்குடிக்கு ஊர் மின்சாரம் வந்த புதிதில், அதுவரை சொந்த டைனமோவில் விளக்கு எரிந்த ஒரு செட்டியார் வீட்டில் இளைய மகளுக்குக் கல்யாணம். மாலையில் மாப்பிள்ளை அழைப்பு. அதற்குள் இணைப்புக் கொடுத்தாக வேண்டும். "மூத்தவ கல்யாணத்துக்குத்தான் கம்பியெல்லாம் புதுசா மாத்துனது. நான் ரங்கூன்ல இருந்தேன், ஆள் வச்சுச் செஞ்சாக" என்றார் செட்டியார். சுவிட்சைக் கழற்றிப் பார்த்தேன். கம்பி முனையில் ரப்பர் புதுசாக, மெத்தென்று இருந்தது. சரி என்றேன்.

"முனைய மட்டும் மாத்த அரை மணி போதும்யா" என்று முறைத்தார் சுப்பையா.

மணமக்களுக்கு ஒதுக்கிய அறைக்குப் போய், கம்பி ஓடும் தேக்குச் சட்டத்தைக் கத்தியால் சுரண்டினார். அந்த வீடுகளில் கல்யாணத்துக்குக் கல்யாணம் மரத்துக்குப் புதுச் சாயம் பூசுவார்கள். மஞ்சளுக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே பச்சை. அந்தப் பச்சை, சட்டத்தையும் அதன் மூடியையும் சேர்த்துப் பிடித்து, ஒரு கீறல்கூட இல்லாமல் ஒட்டிக் கிடந்தது.

செட்டியாரின் மனைவியைக் கூப்பிட்டார். "ஆச்சி, பச்சை யார் கல்யாணத்துக்குப் பூசுனது?"

"நீலம் மூத்தவளுக்கு. பச்சை எங்க கல்யாணத்துக்கு. நான் இந்த வீட்டுக்கு வந்தன்னைக்கு எல்லாம் பச்சையாத்தான் இருந்துச்சு."

அதாவது ஆச்சி வந்தபிறகு அந்த மூடியை யாருமே திறக்கவில்லை. மூத்தவள் கல்யாணத்துக்கு வந்த ஆட்கள் சுவிட்சு முனைகளை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். சுப்பையா நெம்பித் திறந்து கம்பியை வளைத்தார். ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து, வெறும் செம்பு தெரிந்தது. வீட்டு டைனமோவின் சின்ன மின்னோட்டத்தை அது இத்தனை காலம் தாங்கியிருக்கிறது. ஊர் மின்சாரத்தை ஒரு ராத்திரி தாங்காது; தீப்பிடித்துவிடும்.

"ஊரே கூடியிருக்கு. இருட்டுல மாப்பிள்ளை அழைக்கச் சொல்றீகளா? போடுங்க, வர்றதை நான் பாத்துக்கிறேன்!" செட்டியாரின் குரலில் பந்தலே திரும்பிப் பார்த்தது.

"முடியாதுங்கய்யா. பொண்ணு படுக்கிற அறை" என்ற சுப்பையா, மேலே சொன்னால் கல்யாண வீட்டில் அபசகுனம் என்று நிறுத்திக்கொண்டார். ஆச்சிக்கு அதுவே போதுமாயிருந்தது. "காஸ் லைட்டைக் கொண்டாரச் சொல்லுங்க" என்றார், கணவரின் முகத்தைப் பார்க்காமல்.

செட்டியார் எங்களை மறுபடி வேலைக்குக் கூப்பிடவில்லை. அன்று தெருவுக்கு வந்ததும் சுப்பையா கருவிப் பையைக் கீழே போட்டுவிட்டு ஒரு திண்ணையில் உட்கார்ந்தார். "உள்ள நிக்கிறப்ப எனக்கு உசுரே இல்லய்யா. எங்க சரின்னு சொல்லிருவேனோன்னு பயந்து செத்தேன்" என்றார்.

சுடுகாட்டில் எல்லோரும் அவரைத் தைரியசாலி என்றார்கள். அந்தக் கல்யாணப் பெண் இப்போது கைக்குழந்தையோடு ரங்கூனில் இருக்கிறாள்; அவளுக்கு இது எதுவும் தெரியாது. பயந்துகொண்டே முடியாது என்று சொன்ன அந்த மனிதரை நான் என்னோடு வைத்துக்கொள்கிறேன்.