தனகோட்டி நகரில் ரயில் நின்ற நாள்

ஐயம்பேட்டை போகும் ஷேர் ஆட்டோவில் வலது பக்கம் உட்கார்ந்தால் ‘தனகோட்டி நகர்’ என்று எழுதிய நுழைவு வளைவு கண்ணில் படும். எழுத்துகளில் பாதி உதிர்ந்துவிட்டன. நான் முடிந்தவரை இடது பக்கம்தான் உட்காருவேன்.

தனகோட்டி எங்கள் ஊர் பைனான்ஸ்காரர். கையில் காசு நிறைந்த பிறகு, தன் பெயர் சொல்ல ஓர் ஊரே வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. செங்கல்பட்டு ரயில் பாதையை ஒட்டிய கொல்லைமேட்டை வாங்கி, கல் நட்டு, மனை பிரித்தார். மெயின் ரோடு அவர் பெயரில். குறுக்குத் தெருக்கள் அப்பா, அம்மா, மனைவி, இரண்டு மகன்கள் பெயரில். மாமனாருக்கு ஒரு முட்டுச்சந்து கிடைத்தது. அதோடு விடவில்லை. தண்டவாளத்தின் ஓரம் மண்ணைக் கொட்டி மேடாக்கி, இரண்டு தூண் நட்டு, அசல் ஸ்டேஷனில் இருப்பதைப் போலவே மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் மூன்று மொழிகளிலும் தன் பெயரை எழுதி வைத்தார். ரயில்தான் நிற்கவில்லை. “பந்தலு போட்டாச்சு, மோளம் வந்தாச்சு, பொண்ணுதான் இன்னும் கெடைக்கல” என்று எங்கள் பிள்ளையார்பாளையமே சிரித்தது.

சிரிக்காதவர் என் மாமா ஒருவர்தான். அம்மாவின் அண்ணன். வீட்டில் இரண்டு தறி போட்டுப் பட்டுப் புடவை நெய்துகொண்டிருந்தார். மகளைச் செங்கல்பட்டில் காலேஜ் சேர்க்க வேண்டும், ஆனால் வயசுப் பெண் விடிகாலையில் தனியாக டவுன் ஸ்டேஷன் வரை நடக்கக் கூடாது. தனகோட்டி நகரில் குடியிருந்தால் வாசலில் ரயிலேறி வாசலில் இறங்கிவிடுவாள். அதற்காகப் பாளையத்து வீட்டை விற்கவும் தயாராக இருந்தார். இருந்தது அந்த ஒரு வீடுதான்.

“வண்டி நிக்கட்டும் மாப்ள. என் கண்ணால பாத்துட்டேன்னா மறுநாளே வீட்ட வித்துட்றேன்” என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பாவுக்குப் பட்டு நூலுக்குச் சாயம் போடும் தொழில். வாடகைக் கொட்டகையில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். சொந்தமாக ஓர் இடம், அதில் ஒரு கிணறு. அவர் ஆசை அவ்வளவுதான். சாயம் போட்ட பட்டை வெயிலில் காயவைக்கக் கூடாது, நிழலில்தான் உலர்த்த வேண்டும், வெயில் பட்டால் நிறம் செத்துவிடும். பாளையத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது. உதவி செய்கிறேன் என்று ஒரு கட்டு நூலை மாடி வெயிலில் போட்டுவிட்டேன். “பட்டு இன்னா வடகமா, வெயில்ல போட்றதுக்கு?” என்று அப்பா தெருவே கேட்கக் கத்தினார். அப்போது எனக்கு எட்டு வயது.

மறு வருஷம் தனகோட்டியின் கார் இரண்டு முறை எங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்றது. அவர் உள்ளே வரவில்லை. அப்பாவை வெளியே கூப்பிட்டுப் பேசினார். அவர் போனதும், “இன்னாவாம்?” என்று அம்மா கேட்டாள். “சும்மா” என்றார் அப்பா.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை தனகோட்டி நகரில் பந்தல், மைக் செட், வருகிறவர்களுக்கெல்லாம் ரோஸ்மில்க். இன்று ரயில் நிற்கும் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்பா என்னைச் சைக்கிளில் பின்பக்கமாகச் சுற்றி, அந்த மண் மேட்டுக்கு அழைத்துப் போனார். பந்தலிலிருந்து பார்த்தால் மஞ்சள் பலகைதான் தெரியும், நாங்கள் தெரியமாட்டோம். கேரியரிலிருந்த மூட்டையை அவிழ்த்தார். உள்ளே மிளகாய்ப் பழ நிறத்தில் பட்டு நூல், கட்டுக் கட்டாக, ஈரம் சொட்டச் சொட்ட. இரண்டு தூணுக்கும் நடுவே மூங்கில் கழியைக் கட்டச் சொன்னார். உச்சி வெயில்.

“வெயில்லயாப்பா? கலர் போயிடாதா?”

“இன்னிக்கு ஒண்ணும் ஆவாது. அந்தப் பக்கம் புடி.”

பிடித்தேன். தண்டவாளத்தைப் பார்த்தபடி சிவப்பாக ஒரு திரையே தொங்கியது. கொஞ்ச நேரத்தில் ஹாரன் கேட்டது. விடாமல் கேட்டது. அப்புறம் இரும்பும் இரும்பும் உரசும் ஒரு கிறீச்சொலி. ரயில் எங்களுக்குச் சற்று முன்னால் நின்றேவிட்டது.

டிரைவர் குதித்து ஓடிவந்தார். “எவன்யா சேப்பு காட்டினது? லைன்ல இன்னா ஆச்சு?”

“சாயம் போட்ட பட்டு சார். காயப்போட்டேன். தெரியாம பண்ணிட்டேன் சார்” என்று அப்பா கும்பிட்டார். கும்பிட்ட கையோடு நூலையெல்லாம் உருவி மூட்டைக்குள் திணித்தார். அதற்குள் தனகோட்டி ரோஜா மாலையோடு வந்து டிரைவர் கழுத்தில் போட்டுவிட்டார். பின்னாலேயே கூட்டம் ஓடிவந்தது. ஆயிரம்வாலா வெடித்தது. அசல் ஸ்டேஷன்தான் என்று நினைத்து ஓர் அம்மா கூடையோடு இறங்கியே விட்டார், அவரைத் திரும்ப ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டிரைவர் மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு வண்டியை எடுத்தார். மாமா கண்ணெல்லாம் கலங்க என்னைத் தூக்கிச் சுற்றினார். சொன்னபடி அந்த வாரமே வீட்டை விற்றார்.

ரயில் அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. “ஆர்டர் வரணும், வந்துக்கினே இருக்குதாம்” என்று மாமா எல்லாருக்கும் சமாதானம் சொன்னார். தனகோட்டி நகரில் மாமா கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் மாமாவே பாயசம் பரிமாறிக்கொண்டு வந்தார். என் இலைக்கு வந்ததும் எனக்குப் பெருமை பொறுக்கவில்லை.

“மாமா, அன்னிக்கு ரயில நிறுத்தினதே நானும் அப்பாவும்தான். சேப்புப் பட்டு கட்டினோம். டிரைவர் பயந்துட்டாரு!”

மாமா சிரித்தார். கரண்டி பாதி வழியில் நின்றது.

“பட்டா? நெழல்லயாம்மா கட்டினீங்க?”

“வெயில்ல மாமா. நான் வேணாம்னுதான் சொன்னேன். அப்பாதான் ஒண்ணும் ஆவாதுன்னாரு.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அதற்கு முன் அவர் என்னை அடித்ததே இல்லை.

“கொழந்தைய ஏன் மாப்ள அடிக்கிற? அது பொய் ஒண்ணும் சொல்லலையே” என்றார் மாமா. எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார். அப்பாவின் இலைக்கும் ஊற்றினார். அப்பா அதைத் தொடவில்லை.

தனகோட்டி நகரில் எங்களுக்கு ஒரு கார்னர் மனை இருப்பது வெகுகாலம் கழித்து, பெட்டியில் ரயில் நின்ற வாரத்துத் தேதி போட்ட பத்திரத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா கடைசிவரை அங்கே ஒரு செங்கல்கூட வைக்கவில்லை.

கிரகப்பிரவேசம் நடந்த வருஷம் தீபாவளிக்கு மாமா அம்மாவுக்குச் சீர் கொண்டுவரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. அம்மா வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து பலகாரக் கூடையைத் தூக்கிக்கொண்டு மாமா எப்படி வருவார்? “அங்க மட்டும் ரயில் நின்னா மாமா வந்துடுவாரும்மா” என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன். ரயில் நின்றால் மாமா வந்துவிடுவார் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.