பெரிய கிராணியின் வெள்ளி மைக்கூடு

இன்று குளுவாங் பட்டணத்தில், நான் வழக்கமாகப் பழைய மைக்கூடுகள் வாங்கும் மரைக்காயர் கடையில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த பெரிய கிராணியைப் பார்த்தேன். எனக்கு வரவேண்டிய வேலையைத் தன் மருமகனுக்குக் கொடுத்தவர்.

இந்தியாவில் இருக்கும் சொந்த ஊருக்குக் கப்பல் சீட்டு எடுப்பதற்காக, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பிரிவுபசாரத்தில் தந்த மைக்கூட்டை விற்க வந்திருந்தார்.

“சுத்த வெள்ளி. வருசா வருசம் ஆயுத பூசைக்குப் புளி போட்டுத் தேச்சு வச்சேன்.”

தேய்த்த இடமெல்லாம் செம்பு தெரிந்தது.

“நீங்க பாத்துச் சொல்லுங்க,” என்று மரைக்காயர் என்னிடம் நீட்டினார்.

செம்பின்மேல் வெள்ளித்தகடு பதித்த நூறாண்டுப் பழைய வேலை. சேகரிப்பவர்கள் வெள்ளியைவிட இதற்குத்தான் அலைவார்கள்.

“வெறும் செம்புங்க ஐயா. துரை உங்கள நல்லா ஏமாத்திட்டான்,” என்றேன்.

“அவரு கையால குடுத்தாரு தம்பி...”

“அவரு கை பட்டா செம்பு வெள்ளியாயிடுமா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மரைக்காயர் சொன்ன விலைக்கு அவர் தலையாட்டினார். அது கப்பலுக்குப் போதாது.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் மைக்கூடு என்னுடையதாகிவிட்டது.

பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வரலாம். அவர்மேல் இரக்கம் பொங்குகிறவர்கள் முதலில் அவருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.