பின்னோக்கிப் போன அம்பு

நடுக்குவாதத்துக்கான புதிய மருந்து ஒன்றைப் பல ஊர் நோயாளிகளிடம் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யார் எந்த நிலையில் இருக்கிறார், அங்கிருந்து அடுத்த நிலைக்குப் போக எவ்வளவு வாய்ப்பு என்று மென்பொருளில் கணிப்பது சங்கரியின் வேலை. திரையில் லேசு, நடுத்தரம், கடுமை என்று மூன்று கட்டங்கள், நடுவே அம்புக்குறிகள். இந்த நோயில் அம்பு பெரும்பாலும் முன்னோக்கித்தான் போகும்.

சென்னை நிறுவனத்தின் வேலையைக் காஞ்சிபுரத்து வீட்டிலிருந்தே பார்க்க அவள் அனுமதி வாங்கியது அப்பாவுக்காக. திருஞானசம்பந்தத்துக்கும் அதே நோய். அவர் அந்தச் சோதனையில் சேராதவர். உள்ளூர் டாக்டரிடம் காட்டிவந்தார். தறியில் இப்போது அண்ணன் குமரகுரு உட்காருகிறான்.

மார்கழியில் அண்ணன்தான் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனான். திரும்பி வந்ததும், "அப்பா ஜோரா இருக்குறாராம். சட்டை பட்டன் தானே போட்டுக்கிறாராம், விழவே இல்லையாம். டாக்டரு மாத்திரையக் கூட்ட வேணாம்னுட்டாரு" என்றான். சங்கரிக்குத் தலைகால் புரியவில்லை. நடுத்தரத்திலிருந்து லேசுக்கு! அன்று கேசரி கிளறினாள்.

மறுநாள் காலை அப்பா சட்டை மாட்டுவதைக் கதவோரம் நின்று பார்த்தாள். பட்டன்கள் ஏற்கெனவே பூட்டியிருந்தன. சட்டையைத் தலைவழியாக இழுத்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாபா இது? டாக்டராண்ட அப்படி சொல்லிட்டு வந்துக்கீற?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "தறியில முகூர்த்தப் பொடவ இருக்குதும்மா. முடியல, விழுந்தேன்னு சொல்லலாமா?"

கல்யாணச் சேலை தறியில் இருக்கும்வரை அந்த வீட்டில் யார் வாயிலும் அமங்கலச் சொல் வரக்கூடாது. சிறு வயதிலிருந்தே அவளுக்குத் தெரிந்த வழக்கந்தான்.

"தறி இங்க இருக்குது. ஆஸ்பத்திரி எங்கயோ இருக்குது."

"சொன்ன வாயி இங்கதானே திரும்பி வரணும்? பொடவ எறங்கட்டும். அப்புறம் கேளு."

அன்று வேலைக்கு உட்கார்ந்தபோது சோதனையிலிருந்த ஒருவரின் அம்பு கண்ணில் பட்டது. அதுவும் பின்னோக்கிப் போயிருந்தது. மருந்தின் குணம் என்று போன வாரம் அவள் விட்டுவைத்தது. 'நோயாளியின் பதில் மட்டுமா, வீட்டாரையும் கேட்டீர்களா?' என்று அவரைச் சோதிக்கும் மையத்துக்கு எழுதினாள். கேசரி மிச்சம் இருந்தது, சாப்பிடப் பிடிக்கவில்லை.

தை பிறக்கும் முன்னே சேலை தறியை விட்டு இறங்கியது. குமரகுரு அதை மடித்து எடுத்துக்கொண்டு தெரு திரும்பும்வரை அப்பா காத்திருந்தார். பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கெணத்தடியில விழுந்தேன். அப்புறம் கோயில் வாசல்லயும். சோறு வாய்க்குப் போறதுக்குள்ள பாதி கீழ போயிடுது. ராவுல பொரள முடியல, பயமா இருக்குது."

சங்கரி நடுங்கும் அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கே டாக்டராண்ட போலாம்பா. இதையே சொல்லு."

"சொல்றேன். நீ அழறியா?"

"இல்லப்பா."

"பொய் சொல்லாத. பொடவதான் போயிடுச்சே."