சம்பந்தியம்மா கேட்ட செங்கல்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். அவளையே பந்தயம் வைத்து ஆடிய ஆட்டம் இது என்பதால் கை நிற்காமல் ஓடுகிறது.

காலேஜ் லீவில் இன்னும் பத்து நாள் பாக்கி. அதை ஜெயமங்கலத்தில் என்னோடு இருந்து கழிப்பதா, பெரியகுளத்தில் அவளுடைய அப்பத்தாவோடு கழிப்பதா என்பதுதான் சண்டை. அந்த அப்பத்தா என் சம்பந்தியம்மா. டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். கூடை மாம்பழத்தோடு பேத்தியைக் கூட்டிப்போக வந்துவிட்டார்.

பேத்தி ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தாள்.

"இதுல யாரு ஜெயிக்கிறீகளோ அவுக வீட்டுல இருக்கேன்."

ஆறு மூலை அட்டைகளைப் பரப்பி ஊர் மாதிரி ஆக்கினாள். ஒவ்வொரு அட்டையும் எண் போட்ட ஒரு நிலம். மரம், செங்கல், ஆடு, கோதுமை, கல் என்று ஒவ்வொன்றில் ஒன்று விளையும். பகடையில் நம் நிலத்து எண் விழுந்தால் அங்கே விளைவதற்கான சீட்டு நமக்கு. பஸ் நம்பர் பார்த்துப் பழகியதால் எண் எனக்கு அத்துப்படி. சீட்டுகளைச் சேர்த்து வீடு கட்டிப் பத்துப் புள்ளி எடுக்க வேண்டும். ஒரு வீட்டை ஒட்டி இன்னொரு வீடு கட்டக்கூடாது, நடுவில் இடம் விட வேண்டும் என்றாள். சம்பந்திமார்கள் கூடி எழுதிய சட்டம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சுற்றிலேயே சம்பந்தியம்மா கேட்டார்.

"ஒரு ஆடு இருந்தாக் குடுங்க."

நான் பெண்ணைக் கொடுத்தவள். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து தீபாவளிச் சீர், பொங்கல் சீர் எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. கை தானாக எழுந்தது. ஆட்டுச் சீட்டைத் தட்டில் வைத்து நீட்டினேன். அவரும் முறைப்படி வாங்கிக்கொண்டார். அப்புறம் மரம், கோதுமை, மறுபடி இரண்டு ஆடு. அவருக்கு ஒன்பது புள்ளி, எனக்கு நாலு.

செல்போனிலிருந்து அப்போதுதான் தலையைத் தூக்கினாள் பேத்தி.

"அம்மாச்சி, அதுக்கு என்ன வாங்குனீக?"

"சம்பந்திகிட்ட என்னத்தடி வாங்குறது?"

"சும்மா குடுக்கக் கூடாது! ஒண்ணு குடுத்தா ஒண்ணு வாங்கணும். ரூல்ஸு."

சம்பந்தியம்மா கண்ணாடியை மாட்டி, பெட்டியிலிருந்த ரூல்ஸ் புத்தகத்தைப் புரட்டினார். முகம் சுருங்கியது.

"அப்பிடித்தான் போட்டிருக்கு."

"இன்னொருக்கா வாசிங்க சம்பந்தியம்மா. கேக்க நல்லாருக்கு."

வாசித்தார். இத்தனை வருஷமாக இந்தப் புத்தகம் எங்கே இருந்ததோ!

அடுத்து அவருக்கு ஒரே ஒரு செங்கல்தான் தேவை. வீடு எழும்பினால் ஆட்டம் முடிந்தது. செங்கல் எல்லாம் என் கையில்.

"என்ன தருவீக?"

கேட்டது நான்தான்.

"ஒரு ஆடு."

முடியாது என்று தலையாட்டினேன்.

"சரி, மூணு ஆடு."

"அது பூராம் நான் குடுத்த ஆடு. பேத்தியக் குடுங்க. பத்து நாளு."

பேத்தி குதித்தாள்.

"சீட்டுக்குச் சீட்டுத்தான் மாத்தணும்! என்னய என்ன ஆடுன்னு நெனச்சீகளா?"

சம்பந்தியம்மா என் கையிலிருந்த செங்கலைப் பார்த்தார். பேத்தியைப் பார்த்தார். மறுபடி செங்கலைப் பார்த்தார். புத்தகத்தை மூடிவிட்டார்.

"நீ சும்மா இருடி. பெரியவுக பேசிக்கிட்டிருக்கோம்ல."

செங்கலைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். வீட்டைக் கட்டினார், ஜெயித்தார். உடனே என் மருமகனுக்குப் போன் போட்டு, "பத்துப் புள்ளிடா!" என்றார். பேத்தியைத் தோற்றதைச் சொல்லவேயில்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தட்டைத் திருப்பிக் கொடுத்தார். வெறும் தட்டாகத் தரவில்லை. அதில் மூன்று ஆட்டுச் சீட்டுகள் இருந்தன.