வெந்நீரில் போட்ட கோட்டு

அண்ணனுக்குப் பெண் கொடுக்க ஒப்புக்கொண்ட ரயில்வே கார்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: மாப்பிள்ளை மாதா கோயிலுக்குக் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டுதான் வரவேண்டும். ராயபுரத்து வெயிலில் கம்பளி! துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அண்ணன், பழந்துணிக் கடையில் அலைந்து ஒரு கறுப்புக் கோட்டைப் பிடித்து வந்தான்.

"எந்தத் தொர போட்டு அவுத்ததோ, ஒரே கலீஜ்" என்றாள் அம்மா. அடுத்தவர் துணியை வெந்நீரில் போடாமல் எங்கள் வீட்டில் யாரும் உடுத்தியதில்லை. சவுக்காரம் போட்டுக் கொதிக்கவைத்து, கல்லில் அடித்துத் துவைத்தாள். காய்ந்தபோது அண்ணனுக்கு அதில் கைகூட நுழையவில்லை. உள்ளே தைத்திருந்த பருத்தித் துணி மட்டும் பழைய அளவிலேயே கீழே தொங்கியது.

கல்யாணத்துக்கு இரண்டே நாள். அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். ஆனால் என் பாழாய்ப்போன புத்தி துணியிலேயே நின்றது. அதே வெந்நீர், அதே அடி. பருத்தி சும்மா இருக்க, கம்பளி மட்டும் ஏன் சுருங்கவேண்டும்?

கோட்டிலிருந்து ஒரு முடியைப் பிய்த்தேன். எங்கள் தெரு ஆட்டுக்கு நேர்முடி; இது சுருள்சுருளாக இருந்தது. சுருளுக்குள் காற்று நின்றுதான் குளிர்தேசத்து ஆடு பிழைக்கிறது போலும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தேன். ஒரே பக்கமாக நகர்ந்தது. திருப்பி வைத்தாலும் அதே முனைதான் முன்னால் போனது. என் பின்னலிலிருந்து ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். அதுவும் வேர்ப்பக்கமாகவே ஊர்ந்தது. மீனை வாலிலிருந்து தலைக்குத் தடவினால் சொரசொரக்குமே, அப்படி முடிக்கும் செதிள் இருக்கிறது! அடிக்க அடிக்க ஒவ்வொரு முடியும் முன்னே ஊர்ந்து, மற்றதோடு சிக்கி, திரும்ப வழியில்லாமல் நின்றுவிட, கோட்டே சுருங்கிவிட்டது. பருத்திக்குச் செதிள் ஏது?

"நான் பேஜார்ல கீறேன், நீ மயிரு புடுங்கிகினு கீறியா?" என்று அண்ணன் கத்தினான். வாஸ்தவம்தான்.

வேறு வழியில்லாமல் கோட்டை எடுத்துக்கொண்டு இருவரும் கார்டு வீட்டுக்குப் போனோம். "கோட்டு இல்லேன்னா கல்யாணம் இல்ல" என்றார் அவர். உள்ளேயிருந்து கல்யாணப்பெண் வந்தாள். என் கையிலிருந்த கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது.

"கோட்டு இல்லேன்னா கல்யாணம் இல்லன்னுதானே சொன்ன, நைனா? நான் போட்டுக்கினேன். அவரு சட்டையோட வரட்டும்."

கார்டு கோட்டின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "இத்த திரும்ப நீட்ட முடியாதா?" என்றார்.

"முடியாது மாமா. அந்த முடி முன்னதான் போவும், பின்ன வராது."

"இவளும் அப்டித்தான்" என்றார். "சட்டையோடவே வரச்சொல்லு."