ஜப்பான் கதிரைக்காகக் காத்திருந்த வருடம்

டாக்டரின் ஒரு விரலுக்குப் பயந்து ஒரு வருடம் ஒளிந்து திரிந்தவன் நான். அந்தக் கோழைத்தனத்துக்கு விஞ்ஞானம் என்று பெயரும் வைத்திருந்தேன்.

எழுபதுகளின் கடைசி. ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கர் உத்தியோகம். சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகத் தொடங்கியது. புற்றுநோயோ என்று உள்ளூர நடுக்கம். டாக்டரிடம் போனாலோ, பின்புறமாக விரல் விட்டுத்தான் பார்ப்பார் என்று கேள்வி. ஆனால் தோட்டத்து டிஸ்பென்சரி வரிசையில் கிளாக்கர் ஐயா நிற்கலாமா? பொழுது சாய்வதற்குள் தொழிலாளர் லயமெல்லாம் செய்தி பரவிவிடும். காற்சட்டை போட்டவனுக்கு மூத்திரக் கோளாறே வராது என்பது எங்கள் உத்தியோகத்தர் கூட்டத்தின் கொள்கை.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆங்கிலச் சஞ்சிகை கையில் கிடைத்தது. ஜப்பானில் ஒரு கதிரை இருக்கிறதாம். நடுவில் ஒரு குழல் நிமிர்ந்து நிற்கும். நோயாளி அதன்மேல் உட்கார வேண்டும். மலவாசல் வழியே உள்ளே போகும் குழல், காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும். சிறுநீர்ப்பைக்குக் கீழே, கோளாறு செய்யும் சுரப்பியில் பட்டுத் திரும்பும் எதிரொலி திரையில் படமாகும். வயிற்றின் மேலிருந்து மங்கலாகத் தெரிவது, உள்ளிருந்து பார்த்தால் துலங்குமாம்.

விரலை மறுத்த கனவான் குழலுக்குச் சம்மதித்தேன். யந்திரம் தொட்டால் மானம் போகாது போலும். உத்தியோகத்தர் கிளப்பில் இதைப் பிரசங்கமே செய்தேன். என்னைப் போன்ற படித்த முட்டாள்கள் பக்தியோடு தலையாட்டினார்கள்.

"அந்த மெசின் இங்க வரட்டும், காட்டிக்கிறேன்" என்றேன் மனைவியிடம்.

ஒருநாள் சொட்டும் நின்றது. மத்தியானம் கொழுந்து நிறுக்கும் வேளையில், அத்தனை பெண்களும் கூடையோடு வேடிக்கை பார்க்க, என்னைக் கொழுந்து லொறியில் ஏற்றினார்கள்.

"ஐயாவுக்கு என்னாடி?"

"ஒண்ணுக்கு வரலயாம்."

"அதுக்கா இந்த மூஞ்சி!"

பதுளை ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு வடித்துவிட்டு, யாழ்ப்பாணத்து டாக்டர் கையுறையை மாட்டினார். நான் மல்லாந்தபடியே கதிரையை விளக்கினேன்.

"அது பதுளைக்கு வந்து சேருமட்டும் உம்மட மூத்திரம் பொறுத்திருக்குமோ? சரிஞ்சு படும் காணும்."

அரை நிமிடம். அலறினேன்.

"புற்றுநோய் மாதிரித் தெரியேல்லை. வெறும் வீக்கம். வெட்டினாச் சரி. இதுக்கோ ஒரு வருசம்?"

வெளியே காத்திருந்த மனைவியிடம், பயப்பட ஒன்றுமில்லை என்று வீரமாகச் சொன்னேன். அவள் பெருமூச்சு விட்டாள்.

"அப்ப உள்ள கத்துனது நீங்களா? நான் யாருக்கோ பிரசவம்னுல்ல சாமியக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்."